அடுப்பங்கரையில் ஒரு செருப்பு

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தால் நம் பாட்டிமார் சும்மா விடமாட்டார்கள். அந்தச் செருப்பை அடுப்பங்கரை வரைக்கும் கொண்டுபோய் வைத்து, அதன் முன் உட்கார்ந்து ஒரு பையன் பாட்டும் பாடினான் என்றால், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மந்திரிப்பவரைத் தேடி ஆள் அனுப்பி விடுவார்கள்.

ஆனால் ஹாலந்து தேசத்தில் ஆண்டுதோறும் நவம்பர் மாத நடுவிலிருந்து டிசம்பர் 5-ந் தேதி வரையில் லட்சக்கணக்கான வீடுகளில் நடப்பது இதுதான். இரவு படுக்கப் போகுமுன் குழந்தை தன் செருப்புகளில் ஒன்றை எடுத்துக் கணப்படுப்பின் முன் வைக்கிறது. கணப்படுப்பு இல்லாத புதுக் காலத்து வீடுகளில் அறையைச் சூடாக்கும் குழாயின் அருகிலோ, வாசற்கதவின் பக்கத்திலோ வைக்கிறது. செருப்புக்குள் ஒரு காரட், கொஞ்சம் வைக்கோல். சில வீடுகளில் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். தான் வரைந்த படம் ஒன்றையும் சுருட்டிச் செருகி வைப்பது உண்டு. பிறகு புகைபோக்கிக்குள் காதில் விழும்படியாக உரக்கப் பாட்டு.

காரட்டும் வைக்கோலும் ஒரு வெள்ளைக் குதிரைக்கு. பாட்டு, குதிரையின் மேல் கூரைக்குக் கூரை தாவி வரும் ஒரு கிழவருக்கு. விடிந்து பார்த்தால் காரட் இருக்காது. அதன் இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம், ஒரு பிடி மசாலாப் பிஸ்கோத்து, குழந்தையின் பெயரில் முதல் எழுத்து எதுவோ அந்த எழுத்து வடிவத்தில் வார்த்த ஒரு சாக்லேட்.

கிழவரை அங்கே 'சின்டர்கிளாஸ்' என்று அழைக்கிறார்கள். டச்சுக் குடியேறிகளோடு அமெரிக்கா போய், நியூயார்க்கில் உருமாறி, தொப்பையும் சிவப்புச் சட்டையுமாய் 'சாண்டா கிளாஸ்' ஆகித் திரும்பியவர் இவரேதான். ஆனால் டச்சுக் குழந்தைகளிடம் போய் இருவரும் ஒருவரே என்று சொன்னால் கோபித்துக் கொள்வார்கள். அவர்களுடைய கிழவருக்குத் தொப்பை கிடையாது. உயரமானவர், தலையில் மேற்றிராணியாரின் கூம்பு முடி, கையில் வளைந்த செங்கோல், தோளில் சிவப்புப் போர்வை. கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதரான அர்ச். நிக்கோலாஸ் அவர். திருநாள் டிசம்பர் 6. திருநாளுக்கு முந்திய மாலையிலேயே திருநாள் பிறந்துவிடும் என்ற பழைய கிறிஸ்தவ வழக்கப்படி, வீட்டுக் கொண்டாட்டம் 5-ந் தேதி இரவு.

மூன்று பொன்முடிப்பு

யார் இந்த நிக்கோலாஸ்? இன்று துருக்கியில் தெம்ரே என்று வழங்கும் ஊர் அக்காலத்தில் மீரா என்ற பட்டினமாக இருந்தது. நாலாம் நூற்றாண்டில் அவ்வூருக்கு மேற்றிராணியாராக இருந்தவர். சரித்திர ஆசிரியர்கள் அவரைப்பற்றி உறுதியாகச் சொல்வது அநேகமாக அவ்வளவுதான். மற்றதெல்லாம் கதை. ஆனால் அந்தக் கதைகளில் ஒன்றைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

நொடித்துப்போன ஒரு பெரிய மனிதர்; கல்யாண வயதில் மூன்று பெண்கள்; கொடுக்கச் சீதனம் இல்லை. சீதனம் இல்லாத பெண்ணை எவனும் கொள்ளமாட்டான். கடைசியில் அவர்களை இழிதொழிலுக்கு விற்றுவிடுவது என்ற நிலைக்கு அந்தத் தகப்பனார் வந்துவிட்டார். இது நிக்கோலாஸின் செவிக்கு எட்டியது. அப்போது அவர் வாலிபர். பெற்றோர் காலமாகி, அவர்களுடைய சொத்தெல்லாம் அவர் கைக்கு வந்திருந்தது. ஒருநாள் நள்ளிரவில் ஒரு பொன்முடிப்பை அந்த வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டு ஓடிவிட்டார். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சில நாள் கழித்து இன்னொரு முடிப்பு, நடுப்பெண்ணுக்கு மாங்கல்யம். மூன்றாவது முடிப்பு வரும் இரவில் தகப்பனார் தூங்கவில்லை. பொன் விழுந்த சத்தம் கேட்டதும் வெளியே பாய்ந்து, இருட்டில் துரத்திக்கொண்டு போய் ஆளைப் பிடித்து விட்டார். காலில் விழப்போனவரைத் தூக்கி நிறுத்தி நிக்கோலாஸ் ஒரே ஒரு வாக்குறுதி கேட்டாராம்: "நான் உயிரோடிருக்கும் வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது!"

அந்தத் தகப்பனார் வாக்கைச் சரியாகக் காப்பாற்றவில்லை என்பது, கதை நம் வரைக்கும் வந்து சேர்ந்திருப்பதிலிருந்தே விளங்குகிறது.

செருப்பில் விழும் ஆரஞ்சுப் பழத்தை அந்தப் பொன்முடிப்பின் அடையாளமாகச் சொல்கிறார்கள். தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகளும் அதற்காகத்தான். மேல்நாட்டு அடகுக் கடைகளின் வாசலில் தொங்கும் மூன்று பொன்னிறக் குண்டுகள்கூட நிக்கோலாஸின் மூன்று முடிப்புகள்தாம் என்று சொல்வோர் உண்டு. இல்லாதவனுக்குச் சும்மா கொடுத்தவரை வட்டிக் கடைக்காரர்கள் தங்கள் காவலராக வைத்துக் கொண்டது வேடிக்கைதான்!

1087-ம் வருஷத்தில் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் மீராவிலிருந்து அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் ஊரில் கோயில் கட்டினார்கள். அதிலிருந்து அவர் புகழ் மேற்கே பரவியது. கப்பலோட்டிகளுக்கு அவர் காவலர். ஆகவே கடலை நம்பிப் பிழைத்த ஆம்ஸ்டர்டாம் நகரம் அவரையே தன் பாதுகாவலராக வரித்துக்கொண்டதில் அதிசயமில்லை. அந்நகரில் 1306-ல் அபிஷேகம் செய்யப்பட்ட பழைய கோயில் நிக்கோலாஸ் பெயரால் எழுந்ததே.

கோயிலை இழந்த புனிதர்

1578-ல் ஆம்ஸ்டர்டாம் நகரம் புரொடெஸ்டண்டு கட்சியின் கைக்கு மாறியது. கத்தோலிக்கருக்குப் பகிரங்க வழிபாடு இல்லை என்றாகிவிட்டது. நிக்கோலாஸின் கோயிலில் சொரூபங்கள் போயின. வேறு வகை ஆராதனை வந்தது. புனிதர்களைக் கொண்டாடுவது மூடவழக்கம் என்று போதகர்கள் பிரசங்கித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பல நகரசபைகள் நிக்கோலாஸ் சந்தையில் கடை போடக்கூடாது, புனிதர் உருவத்தில் ரொட்டி சுடக்கூடாது, குழந்தைகள் செருப்பு வைக்கும் வழக்கம் கூடாது என்றெல்லாம் ஆணை பிறப்பித்தன. ஒரு நகரசபை மெனக்கெட்டுக் குழந்தையின் செருப்பைத் தடைசெய்ய வேண்டியிருந்தது என்றால், அந்தச் செருப்பு எவ்வளவு பிடிவாதமாக அடுப்பங்கரையில் இருந்திருக்க வேண்டும்!

இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரெய்க்ஸ் மியூசியத்தில் யான் ஸ்டீன் என்ற ஓவியர் 1665-க்கும் 1668-க்கும் இடையில் தீட்டிய ஒரு படம் இருக்கிறது. பெரிய படமல்ல, ஒரு கெஜ உயரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்டீன் கத்தோலிக்கர். படத்தில் காணப்படுவது ஒரு சாதாரண டச்சு வீட்டுக்கூடம். நிக்கோலாஸ் வந்துபோன மறு காலை. நடுவில் ஒரு சின்னப் பெண், கை நிறையப் பரிசும் வாளி நிறையத் தின்பண்டமுமாய், தாய் கைநீட்டி அழைத்தும் போகாமல் நிற்கிறாள். அவள் இறுக்கிப் பிடித்திருக்கும் பொம்மை அர்ச். ஸ்நாபக அருளப்பர் என்கிறார்கள். வலது பக்கம் ஒரு பையன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகைபோக்கியைக் காட்டுகிறான்; 'அதோ, அந்த வழியாகத்தான் வந்தார்!' என்று சொல்வதுபோல. கைக்குழந்தையிடம் இருப்பது, நகரசபை சுடக்கூடாது என்ற அதே புனிதர் உருவப் பிஸ்கோத்து!

இடது பக்கம் ஒரு பெரிய பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுகிறான். அவன் பின்னால் நிற்பவள் அவனுடைய செருப்பைத் தூக்கிக் காட்டுகிறாள். அதில் பரிசு இல்லை. ஒரு கட்டு மிலாறு! வருஷம் முழுவதும் துஷ்டத்தனம் செய்ததற்குக் கூலி. தம்பி அதைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். எல்லோரும் தங்கள் தங்கள் சந்தோஷத்தில் மூழ்கியிருக்க, அறையின் பின்புறத்தில் பாட்டி ஒருத்தி மட்டும் கட்டில் திரையை விலக்கி, அழும் பேரனை விரலால் சைகை செய்து கூப்பிடுகிறாள். திரைக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாள் என்பதை ஓவியர் காட்டவில்லை.

அந்தக் காலத்து ஹாலந்தில் கத்தோலிக்கர் பூசை கண்டதும் இப்படி வீட்டுக்குள் மறைந்துதான். ஆம்ஸ்டர்டாமில் ஒரு வியாபாரி 1661-லிருந்து 1663-க்குள் தன் வீட்டின் மேல்மாடிகளையும் பரணையும் குடைந்து ஒரு முழுக் கோயிலையே அமைத்துவிட்டார். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் வீடு. இன்று அது ஒரு பொருட்காட்சி சாலை.

இதே டச்சுக்காரர்கள் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தவர்கள். இலங்கையில் கத்தோலிக்கக் குருமார் காலெடுத்து வைக்கக்கூடாது என்று தடை போட்டவர்கள். 1687-ல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் சுவாமியார் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாள் வேஷத்தில் புறப்பட்டு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, இராக் காலங்களில் வீடுகளில் பூசை செய்தார். 2015-ல் போப்பாண்டவர் பிரான்சிஸ் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஆம்ஸ்டர்டாம் பரணிலும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் ஒரே அரசாங்கத்துக்குப் பயந்து ஒரே பூசை நடந்திருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் நிக்கோலாஸுக்கு மறுபடி ஒரு பெரிய கோயில் 1887-ல்தான் முடிந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் காணலாம். இடையில் முந்நூறு வருஷம். பிரசங்க மேடையும் வீதியும் அவரைக் கைவிட்டிருந்த அந்த முந்நூறு வருஷமும் அவருக்கு இடம் கொடுத்தது பிள்ளைகளின் செருப்புத்தான்.

கதவைத் தட்டும் கை

இப்போது 5-ந் தேதி மாலைக்கு வருவோம்.

அன்று அலுவலகங்களிலிருந்து எல்லோரும் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். டிசம்பர் மாத ஹாலந்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்குள் வெல்லமும் மசாலாவும் வேகும் வாசனை. 'ஸ்பெகுலாஸ்' என்ற பிஸ்கோத்துக்குக் கோதுமை மாவு, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை இவற்றோடு பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய், சுக்கு, வெள்ளை மிளகு எல்லாம் இடித்துச் சேர்க்கிறார்கள். பிசைந்த மாவை, மேற்றிராணியார் உருவம் செதுக்கிய மரப்பலகையில் அழுத்தித் தட்டி எடுத்துச் சுடுவது பழைய முறை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசிச் சாமான் அதிலேயே கிடைத்துவிடும். கிடைக்காமல் என்ன? பட்டை இலங்கையிலிருந்தும், மிளகும் ஏலமும் மலையாளக் கரையிலிருந்தும், கிராம்பும் ஜாதிக்காயும் மொலுக்கஸ் தீவுகளிலிருந்தும் டச்சுக் கும்பினியின் கப்பல்களில் போனவைதாமே! ஸ்டீன் அந்தப் படத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோது நாகப்பட்டினம் அந்தக் கும்பினியின் கையில் இருந்தது.

சாப்பாடு முடிந்து குழந்தைகள் பாட ஆரம்பிப்பார்கள். திடீரென்று அறைக் கதவு ஒரு சாண் திறக்கும். கையுறை போட்ட ஒரு கை மட்டும் உள்ளே நீளும். அது ஒரு பிடி சின்னச் சின்னப் பிஸ்கோத்துகளைத் தரையெங்கும் வீசிவிட்டு மறைந்துவிடும். குழந்தைகள் தரையில் விழுந்து பொறுக்குவார்கள். அந்த அமளி அடங்குவதற்குள் வாசற்கதவில் 'தடதட'வென்று பலத்த இடி. ஓடிப்போய்த் திறந்தால் ஆள் இல்லை. ஒரு பெரிய சாக்குமூட்டை மட்டும் படியில் உட்கார்ந்திருக்கும். கதவை இடித்தவர் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லி வைத்த அடுத்த வீட்டுக்காரர். அவர் மழையில் நனைந்துகொண்டு வேலி மறைவில் பதுங்கியிருப்பதைப் பெரியவர்கள் கண்டும் காணாததுபோல் இருக்க வேண்டும்.

மூட்டையிலிருந்து பரிசுகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அவசரமாகப் பிரிக்கக்கூடாது. ஒவ்வொரு பரிசோடும் ஒரு பாட்டு இருக்கும். பரிசு யாருக்கோ அவர்தான் அந்தப் பாட்டை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டும். நம் கல்யாண வீடுகளில் நலுங்கின்போது சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடுவார்களே, அந்த ரகம். அப்பா காலையில் எழுந்திருக்கும் லட்சணம், அக்கா கைப்பேசியைக் கீழே வைக்காத பெருமை, மாமா கார் ஓட்டும் அழகு எல்லாம் அதில் எதுகையோடு ஏறிவிடும். கீழே கையெழுத்து: 'நிக்கோலாஸ்'. எழுதினவர் பெயர் ஒருபோதும் இராது. ஆகவே கோபித்துக் கொள்ளவும் வழியில்லை. நன்றி சொல்லவும் வழியில்லை. "நன்றி, நிக்கோலாஸ்!" என்று புகைபோக்கியைப் பார்த்துக் கத்த வேண்டியதுதான்.

வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும் சில வாரங்களுக்கு முன்பே சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு யார் பரிசு செய்வது என்று ரகசியமாகத் தீர்மானித்துக்கொள்கிறார்கள். செலவுக்கு ஓர் எல்லையும் உண்டு. பரிசை நேராகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் மதிப்பில்லை. கால்பந்துப் பைத்தியமான பையனுக்குக் காகிதக் கூழில் ஒரு பெரிய பந்து செய்து அதன் வயிற்றுக்குள் ஒளித்துவைக்க வேண்டும். வீட்டில் செய்ததாக இருக்கவேண்டும், கொடுப்பவர் தெரியக்கூடாது. இந்த இரண்டு விதிகள் இருக்கும்வரை கடைக்காரர்கள் இந்தப் பண்டிகையை முழுவதும் விழுங்கிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. சாக்லேட் எழுத்துகளால் கடைகள் நிரம்பி வழிவதையும் மறைக்க வேண்டியதில்லை.

சாக்கும் மிலாறும்

எல்லாம் இனிப்பாகவே இருந்துவிடவில்லை. ஸ்டீனின் படத்தில் அழும் பையனைப் பார்த்தோமே. நம் ஊரில் சோறு உண்ணாத பிள்ளைக்குப் பூச்சாண்டியும் பிள்ளைபிடிக்கிறவனும் உண்டு. அங்கே நிக்கோலாஸின் பெரிய புத்தகத்தில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரேயும் நல்லதும் கெட்டதும் எழுதியிருக்கும் என்பார்கள். ரொம்பவும் கெட்ட பிள்ளையைச் சாக்கில் போட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் விடுவார் என்ற மிரட்டலும் நெடுநாள் இருந்தது. ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் நிக்கோலாஸோடு 'கிராம்புஸ்' என்ற கொம்பு முளைத்த, சங்கிலி குலுக்கும் பேயும் கூட வரும். அதைப் பார்த்துப் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்தவர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம்.

ஹாலந்தில் மற்றொரு சங்கடமும் நேர்ந்தது. யான் ஸ்கெங்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் 1850-ல் குழந்தைகளுக்காக வெளியிட்ட படப்புத்தகத்தில் நிக்கோலாஸ் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்து இறங்கினார்; கூடவே ஒரு கறுப்பு வேலைக்காரனும் வந்தான். அதிலிருந்து நூறாண்டுக்கு மேலாக வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு மை பூசி, உதட்டில் சிவப்புத் தீட்டி அந்த வேலைக்காரன் வேஷம் போட்டு வந்தார்கள். அடிமை வியாபாரம் செய்த ஒரு தேசத்தில் இது யாரைக் கேலி செய்கிறது என்று கறுப்பு இனத்து டச்சுக்காரர்கள் கேட்டார்கள். 2011-க்குப் பிறகு எதிர்ப்பு வலுத்தது. சச்சரவும் வழக்கும் நடந்தன. இப்போது பெரிய நகரங்களிலும், டெலிவிஷனில் காட்டும் தேசிய வரவேற்பிலும் உதவியாளர்கள் புகைபோக்கிக் கரி அங்கங்கே ஒட்டின முகத்தோடுதான் வருகிறார்கள். பண்டிகையே அழிந்துவிடும் என்று அலறியவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போல் செருப்பு வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்திலும் ஆஸ்திரியாவிலும் வழக்கம் சற்று வேறு. 5-ந் தேதி இரவு பிள்ளைகள் தங்கள் பூட்ஸைப் பளபளவென்று துடைத்து அறை வாசலில் வைப்பார்கள். பங்கைச் சேர்ந்த ஒருவர் மேற்றிராணியார் உடை தரித்து வீட்டுக்கே வருவதும் உண்டு. அவர் பொன்னிறப் புத்தகத்தைத் திறந்து, 'தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாயாமே, நல்லது. ஆனால் பல் துலக்க ஏன் அழுகிறாய்?' என்று கேட்கும்போது பிள்ளை வாய் பிளந்து நிற்கும். காலையிலேயே தாயார் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு அந்தப் புத்தகத்துக்குள் இருப்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆகமன காலமாகையால் சில வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமும் சொல்கிறார்கள். மூன்று பெண்களின் கதையைத் தகப்பனார் சொல்ல, பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிவதுபோல் நடித்துக் காட்டுவார்கள்.

1969-ல் ரோமாபுரி திருநாள் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது டிசம்பர் 6-ந் தேதியை, விரும்பினால் கொண்டாடலாம் என்ற நினைவு நாட்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். நிக்கோலாஸைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டதாகக்கூட ஒரு வதந்தி கிளம்பியது, அது உண்மையல்ல.

பின்கட்டில் எட்டுப் பேர்

மறைவில் இருப்பவர்களோடு இந்தப் புனிதருக்கு ஏதோ ஒட்டுறவு இருக்கத்தான் வேண்டும். 1942-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி, ஆம்ஸ்டர்டாமில் பிரின்ஸன் கால்வாய்க்கரையில் 263-ம் எண் கட்டடத்தின் பின்கட்டில் நாஜிகளுக்கு ஒளிந்து எட்டு யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பதின்மூன்று வயது ஆன் பிராங்க். வெளியிலிருந்து உயிரைப் பணயம் வைத்து அவர்களுக்கு உணவு கொண்டுவந்து தந்த மீப், பெப் என்ற இரு பெண்கள் அன்று மாலை ஒரு கூடையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பரிசும் ஒரு பாட்டும் வைத்திருந்தார்கள். கிறிஸ்தவப் புனிதர் ஒருவரின் திருநாள், யூதர்கள் ஒளிந்திருந்த வீட்டில் இப்படிப் புகுந்தது.

அடுத்த வருஷம், 1943-ல், நிலைமை மோசம். பரிசு வாங்க வழியில்லை. ஆனும் அவள் தகப்பனாரும் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு எழுதினார்கள். அன்று மாலை ஒரு பெரிய துணிக்கூடையை அலங்கரித்து எல்லோர் நடுவிலும் கொண்டுவந்து வைத்தார்கள். திறந்தால் உள்ளே அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவருடைய செருப்பும் ஒன்று. அவரவர் செருப்புக்குள் அவரவர் பாட்டு. வெளியே போக முடியாத எட்டுப் பேர். அவர்களுடைய செருப்பைப் பரிசுக் கிண்ணமாக்கியவள் ஒரு சிறுமி. 1944 ஆகஸ்ட் 4-ந் தேதி அவர்கள் பிடிபட்டார்கள். தகப்பனார் ஒருவர் மட்டுமே உயிரோடு திரும்பினார். 1947-ல் அச்சான அவளுடைய நாட்குறிப்பிலிருந்து இந்தக் கூடையைப்பற்றி நமக்குத் தெரிகிறது.

தெரிந்துவிட்ட பிறகு

இவ்வளவும் பொய்தானே, பிள்ளைகளிடம் பொய் சொல்லலாமா என்று கேட்கும் பெற்றோர் அங்கேயும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. ஏழு எட்டு வயதில் ஒருநாள் குழந்தைக்குச் சந்தேகம் தட்டுகிறது. நிக்கோலாஸின் கையெழுத்து அம்மாவின் கையெழுத்தாக இருக்கிறது. காரட் குப்பைக் கூடையில் கிடக்கிறது. கையுறைக்குள்ளிருந்து அப்பாவின் கைக்கடிகாரம் எட்டிப் பார்க்கிறது. சில பிள்ளைகள் அழுதுவிடுகின்றன. இத்தனை வருஷம் ஏமாற்றினீர்களே என்று கோபிக்கின்றன. வேறு சில பிள்ளைகளோ கண்டுபிடித்ததையே சொல்லாமல் வைத்துக்கொள்கின்றன. சொல்லிவிட்டால் பரிசு நின்றுவிடுமோ என்ற பயம்!

எனக்கு அந்தப் பழைய கதையின் மூன்றாவது இரவு நினைவுக்கு வருகிறது. அன்று விழித்திருந்த தகப்பனாரும் கொடுத்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தவர்தான். அவரிடம் நிக்கோலாஸ் கேட்டது ஒன்றே ஒன்று, 'சொல்லாதே' என்பது. டச்சு வீடுகளில் கண்டுபிடித்துவிட்ட பிள்ளையை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் காதோடு காதாகப் பெரியவர்கள் கேட்பதும் அதேதான்: "தம்பி தங்கைகளிடம் சொல்லிவிடாதே."

அத்தோடு விடுவதில்லை, வேலையும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த 5-ந் தேதி தம்பியும் தங்கையும் அடுப்பின் முன் பாடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பிள்ளை நைசாகப் பின்வாசல் வழியே நழுவி, இருட்டில் வீட்டைச் சுற்றி ஓடி, மூட்டையை இழுத்துப் படியில் வைத்து, இரண்டு கையாலும் கதவைத் தடதடவென்று இடித்துவிட்டு, வந்த வழியே ஓடி உள்ளே வந்து, மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து கேட்கிறது: "யார் வந்தது?"